நாற்பத்தொரு வீடு

ஒரு நாளைக்கு அறுபது வீடு, அறுபது இரும்பு மூடி. கொக்கியை மாட்டித் தூக்கினால் உள்ளே என்ன இருக்கும் என்பதை இருபது வருஷ சர்வீசுக்குப் பிறகும் மீட்டர் அக்காவால் அடித்துச் சொல்ல முடியாது. தவளை இருக்கும். மரவட்டை சுருண்டு கிடக்கும். ஒரு வீட்டில் பல் செட் இருந்தது. அது எப்படி அங்கே போனது என்று வீட்டுக்காரரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கந்தல் துணியால் கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் பார்த்து, குடிநீர் வாரியம் கொடுத்த கைக்கருவியில் ஏற்றி, மூடியைப் போட்டுவிட்டு அடுத்த வீடு. அவ்வளவுதான் வேலை.

அவ்வளவுதான் என்று வாரியம் நினைத்துக்கொண்டிருந்தது.

எந்த வீட்டில் மீட்டர் வாசலில், எந்த வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், எங்கே நாய், எங்கே காது மந்தம், யார் காலையில் கதவைத் திறப்பார்கள், யார் சாயங்காலம்தான் அகப்படுவார்கள் என்பதையெல்லாம் ஏற்ற அந்தக் கருவியில் இடம் கிடையாது. அதற்காக அவள் ஒரு நீள நோட்டு வைத்திருந்தாள். கதவு எண், பக்கத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாமல் போனால் அறுபது வீடு நாற்பதாகக் குறைந்துவிடும்.

நோட்டில் இன்னொரு கட்டம் சேர்ந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். ஊரில் இயக்கம் தலையெடுத்த பிறகு ஜனங்களுக்குப் பேச்சு அதிகமாகிவிட்டது. குனிந்து மீட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பவளின் முதுகைப் பார்த்தே அரசியல் பேசினார்கள். ஒரு வீட்டில் இயக்கம் வந்ததால்தான் நாடு நிமிர்ந்தது. அதே வரிசையில் நாலாவது வீட்டில் இயக்கம் வந்ததால்தான் நாடு நாசம். ஒருமுறை தெரியாத்தனமாக, “யார் வந்தா என்ன சார், நமக்கு வேலைதானே” என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் கேட்டைப் பூட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் விளக்கம் கொடுத்தார். அன்றைக்கு ஐம்பத்தொரு வீடுதான் முடிந்தது. மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஓர் எழுத்து போட ஆரம்பித்தாள். இயக்கத்து வீட்டுக்கு ‘இ’. எதிர்ப்பக்கத்து வீட்டுக்கு ‘எ’. எந்தப் பக்கமும் பேசாமல் கையில் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறவர்களுக்கு ‘சு’, சும்மா. கேட்டில் கை வைக்குமுன் நோட்டைப் பார்த்துக்கொள்வாள். ‘இ’ வீட்டில் இயக்கத்துக்குத் தலையாட்டுவாள், ‘எ’ வீட்டில் அவர்களுக்குத் தலையாட்டுவாள். தலை ஆடும், கை வேலை செய்யும். இரண்டே நிமிஷத்தில் வெளியே. இரண்டு பக்கத்துக்காரர்களும் அவளைத் தங்கள் ஆள் என்றே நம்பினார்கள். இந்த ஏற்பாட்டில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தேர்தலுக்கு ஐந்து வாரம் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, அந்தப் பெருமை செத்தது.

*

லாரிக்காரர் மனைவி ‘இ’. நல்ல மனுஷி. வெயில் நாளில் கேட்காமலே மோர் கொடுப்பாள். அன்றைக்கும் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, செல்போனை மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“நம்ம ஏரியா லிஸ்ட் வந்திருக்கு, பாத்தியா? என் அண்ணன் பையன் அனுப்பியிருக்கான். எவன் எடுத்தானோ, வீட்டுக்குள்ள புகுந்து பாத்த மாதிரி எழுதியிருக்கான்.”

தலைப்பு: ஞாயிறு வீட்டுச் சந்திப்பு, காலை பத்து மணி முதல்.

வீட்டுச் சந்திப்பு என்றால் என்னவென்று அந்த ஊரில் விளக்க வேண்டியதில்லை. மூன்று வாரத்துக்கு முன் பக்கத்துக் குடியிருப்பில் இயக்கத்துக்காரர்கள் ஒரு ரேடியோ மெக்கானிக்கைச் சந்தித்தார்கள். இன்னும் ஆஸ்பத்திரியில் குழாய் வழியாகத்தான் கஞ்சி குடிக்கிறார். பேப்பரில் இரு தரப்பு மோதல் என்று வந்தது.

தலைப்புக்குக் கீழே வரிசையாகக் கதவு எண்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி.

17 – பெரியவர் மட்டும். முட்டி வலி. திறக்க நேரமாகும்.

23 – பின்கேட் தாழ்ப்பாள் விழாது.

9 – நாய் குரைக்கும், கடிக்காது.

டம்ளரைக் கீழே வைத்தாள். ‘குரைக்கும், கடிக்காது.’ அது அவளுடைய வரி. அந்த நாய்க்கு முதல் மாதம் பிஸ்கட் போட்டு, இரண்டாம் மாதம் தைரியமாக உள்ளே போய், மூன்றாம் மாதம் எழுதிய வரி. கமா கூட மாறவில்லை. கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நாற்பத்தொரு வீடு. அத்தனையும் அவள் ‘எ’ போட்ட வீடு.

லாரிக்காரர் மனைவி ஏதோ சொன்னாள். பாவம் என்றாளா, வேண்டியதுதான் என்றாளா, காதில் விழவில்லை. மீட்டர் அக்கா தலையாட்டினாள். பழக்கம்.

வெளியே வந்து அடுத்த மூடியைத் தூக்கினாள். கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். கருவியில் அவள் ஏற்றிய எண் போன மாதத்து எண் என்று கருவியே சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

நோட்டு பையில்தான் இருந்தது. பையை அவள் தன் கண்ணில் படாமல் வைப்பது ஒரே ஓர் இடத்தில்தான். வீட்டில்.

*

வீடு என்றால் இரண்டு அறை, ஒரு சமையலறை, மூன்று பேர். புருஷன் குளிர்பெட்டி மெக்கானிக். கடைத்தெருவில் ஒரு பட்டறையில் பதினைந்து வருஷமாக வேலை. புருஷனின் அக்கா அவர்களோடுதான் இருக்கிறாள். ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுத் தலையணை உறை தைக்கிறாள். வாய்க்கும் மெஷினுக்கும் ஒரே வேகம். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவது நின்று ஆறு மாதம் ஆயிற்று. இயக்கம் ரோடாவது போட்டது என்பாள் நாத்தனார். போட்ட ரோட்டில் யாரை ஓட ஓட அடிக்கிறான் பாருங்கள் என்பாள் இவள். புருஷன் தட்டை எடுத்துக்கொண்டு டி.வி. பக்கம் போய்விடுவான். எந்தப் பக்கமும் பேசாத மனுஷன். நோட்டில் வீட்டுக்காரனுக்கும் ஓர் எழுத்துப் போட வேண்டியிருந்தால் யோசிக்காமல் ‘சு’ போட்டிருப்பாள்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தான். கையில் எண்ணெய்க் கறை. ரொட்டியும் வேகவைத்த முட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் நோட்டை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இத எடுத்தீங்களா?”

“எதை?” முட்டையின் ஓட்டை உரித்துக்கொண்டே கேட்டான். ஓடு சிறுசிறு துண்டாகத்தான் வந்தது.

“என்னங்க.”

தையல் மெஷின் நின்றது.

“போட்டோதான் எடுத்தேன்,” என்றான். “நீ குளிக்கப் போயிருந்தே. மருத்துவ முகாம் போடறோம், வயசானவங்க எந்தெந்த வீட்ல இருக்காங்கன்னு தெரியணும்னாங்க.”

“அதுக்கு எதுக்கு ‘எ’ போட்ட வீடு மட்டும்?”

முட்டை கையிலேயே இருந்தது.

“பதில் சொல்லுடா,” என்றாள் அவன் அக்கா.

சொன்னான். ஒரே மூச்சில் இல்லை. முட்டையை வைத்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, மறுபடி எடுத்து, துண்டு துண்டாக. பட்டறையில் மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் இயக்கத்து பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டுவிட்டார்கள். வட்டப் பொறுப்பாளர், எப்போதும் பல் தெரிவதால் ஊரே சிரிப்பு என்று கூப்பிடுகிற ஆள், இயக்கத்து ஆபீஸ் குளிர்பெட்டியை ரிப்பேருக்குக் கொண்டுவந்தான். ரிப்பேர் முடிகிறவரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கேட்டான், உங்க வீட்டை எந்தப் பக்கம் எழுதட்டும் என்று.

“நான் என்ன சொல்லட்டும்? நம்ம வீட்டத் தப்பான பக்கம் எழுதாம இருக்க என்ன செய்யணும்னு கேட்டேன். உன் சம்சாரம் எல்லா வீட்டுக்கும் போறாங்களேன்னான்.”

“நாப்பத்தோரு வீட்டக் குடுத்து நம்ம வீட்ட வாங்கியிருக்கீங்க.”

அவன் நிமிர்ந்தான். கோபம் வராத மனுஷனுக்கு வருகிற கோபம், முகமெல்லாம் கோணிக்கொண்டு வந்தது.

“நீ ஏன் எழுதினே? நாய் இருக்கு, பூன இருக்குன்னு எழுது, சரி. யாரு எந்தப் பக்கம்னு எழுதி வெக்கச் சொல்லி உன்ன யார் கேட்டா? நீ எழுதாம இருந்திருந்தா நான் எதைக் குடுத்திருப்பேன்?”

வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். நோட்டை எடுத்துப் பையில் போட்டாள்.

நாத்தனார் கேட்டாள். “எட்டாம் நம்பர் இருக்கா அதுல?”

“இருக்கு அண்ணி.”

“என்னன்னு எழுதியிருக்கே?”

“பத்து மணிக்குப் பொண்ணு வேலைக்குப் போயிடும். அப்புறம் அந்தம்மா தனியாத்தான் இருக்கும்னு.”

நாத்தனார் மடியிலிருந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது அவங்களுக்குத்தான் தைக்கறேன். ஒரு டஜன் கேட்டாங்க. அவங்க எந்தப் பக்கம்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

“தைச்சிருக்க மாட்டேன்,” என்றாள் நாத்தனார். பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு. ஊசியில் நூலைக் கோக்கப் போனாள். “எட்டாம் நம்பருக்கு நானே போய்ச் சொல்லிக்கறேன். மத்த வீட்டுக்கு நீங்க ரெண்டு பேரும் போங்க. இன்னிக்கு வியாழன். ரெண்டு நாள் இருக்கு.”

*

வெள்ளிக்கிழமை போலீஸ் ஸ்டேஷனில் போயிற்று. அதாவது பெஞ்சில். நாலு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், ரைட்டர் லிஸ்டைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பிறகு மரியாதையாகத்தான் விளக்கினார். லிஸ்ட் அனுப்பியது யார் என்று தெரியாது. சந்திப்பு என்றுதான் போட்டிருக்கிறது. சந்திப்பது குற்றம் இல்லை. ஆனால் இந்த வரிகளை எழுதியது யார் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிகிறது. பொதுஜனங்களின் வீட்டு விவரத்தை அரசியல் வாரியாகக் குறித்துவைத்த வாரிய ஊழியர். கேஸ் என்று போட்டால் முதல் பெயர் யாருடையது என்று அம்மாவே சொல்லட்டும். நோட்டு இங்கேயே இருக்கட்டுமா?

வேண்டாம் என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தாள். மிச்சமிருந்தது சனிக்கிழமை.

*

காலை ஆறரைக்குக் கிளம்பும்போது புருஷனும் கிளம்பி நின்றான். கையில் ரிப்பேர்ப் பெட்டி. எதற்கு என்று அவள் கேட்டதற்கு, “தாழ்ப்பாள் விழலேன்னு எழுதியிருக்கியே,” என்றான்.

முதல் வீட்டு வாசலில் என்ன சொல்வது என்று அவள் ராத்திரி முழுக்க வாசகம் கட்டி வைத்திருந்தாள். கதவு திறந்ததும் எல்லாம் போயிற்று. நாளைக்குப் பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருவார்கள், உங்களைப் பற்றி எழுதியது நான், கொண்டுபோய்க் கொடுத்தது இவர், நாளைக்கு இங்கே தனியாக இருக்காதீர்கள். இதுதான் மிஞ்சியது. இதையே முப்பத்தொன்பது வாசலில் சொன்னாள்.

ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொன்று நடந்தது. பதினேழாம் நம்பர் பெரியவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து, எல்லாவற்றையும் கேட்டு, தண்ணீர் குடிக்கிறாயா என்றார். அது அடியைவிட மோசமாக இருந்தது. ஒரு வீட்டில் கதவைச் சாத்தி உள்ளிருந்தே அழுதார்கள். ஒரு வீட்டில் ஒரு தச்சர், மனைவி தடுக்கத் தடுக்க, மெக்கானிக்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் சாத்தினார். சாத்தியவர் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டார். மெக்கானிக் சட்டையைச் சரிசெய்துகொண்டு, பின்கதவுத் தாழ்ப்பாள் ஆணி கழன்றிருக்கிறதாமே, போட்டுத் தரட்டுமா என்று கேட்டான். தச்சர் வீட்டில் வந்து ஆணி அடிக்கிறேன் என்கிறானே என்று மனைவி, அந்த நிலைமையிலும், சிரித்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இருபத்துமூன்றில் பல் டாக்டரம்மா. வீட்டு முன்கூடத்திலேயே கிளினிக். சின்ன வயசுதான், கண்ணாடி. ஒரு பேஷண்ட்டின் வாயில் பஞ்சை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

“மூணு வருஷமா வர்றீங்க. நான் என்ன சொன்னாலும் ஆமா டாக்டர், ஆமா டாக்டர்னீங்க. அதுல ஒரு ஆமாவாவது நெஜமா?”

மீட்டர் அக்கா யோசித்தாள். “ரெண்டு மூணு நெஜம் டாக்டர்.”

“எதெதுன்னு ஒரு நாள் சொல்லணும் நீங்க,” என்றாள் டாக்டரம்மா. பிறகு, இந்த வரிசையில் இன்னும் யார் யார் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். தனியாக இருக்கிறவர்களெல்லாம் நாளைக்குக் காலையிலேயே இங்கே கிளினிக்கில் வந்து உட்காரட்டும், ஞாயிற்றுக்கிழமை இலவசமாகப் பல் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள் என்றாள். பின்கேட்டில் மெக்கானிக் தாழ்ப்பாளைக் கழற்றி நிமிர்த்திக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் டாக்டரம்மா திரும்பவில்லை.

வெயில் ஏறியது. மத்தியானச் சாப்பாடு இல்லை. ஒரு கடையில் டீயும் பன்னும். மூன்று மணிக்கு முப்பதாம் நம்பர் வாசல்.

முப்பதாம் நம்பர் ரொட்டி ஃபாக்டரியில் அடுப்புக்காரர். தனி ஆள். ராத்திரி ஏழுக்குப் போனால் காலை ஏழுக்கு வருவார். நோட்டில் அவள் எழுதிய வரி: பகலில் தூக்கம், தட்டாதே. மீட்டர் வெளியே. நாலு வருஷமாக அந்த வீட்டு மூடியைச் சத்தமில்லாமல் தூக்கி, சத்தமில்லாமல் போட்டிருக்கிறாள். கொக்கி கல்லில் உரசினால் கூட நாக்கைக் கடித்துக்கொள்வாள். மாதம் ஒருமுறை ஜன்னல் மேடையில் அவளுக்காக ஒரு ரொட்டி காகிதத்தில் சுற்றி இருக்கும். முகம் பார்த்துப் பேசியது இரண்டு தடவையோ மூன்று தடவையோ.

கதவு வரை போன கை அங்கேயே நின்றது. “தூங்குவாரு,” என்றாள் புருஷனிடம். “ஆறு மணிக்கு எழுந்திருப்பாரு. அப்ப வந்து சொல்லிக்கலாம்.” கால் தானாக அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. அவனும் சரி என்றான்.

மற்ற வீடுகள் முடிய ஐந்தரை ஆனது. முப்பதுக்குத் திரும்பும் வழியில், தெருமுனை டீக்கடை பெஞ்சிலிருந்து சிரிப்பு எழுந்து வந்தான்.

“என்ன மீட்டர் அக்கா, சனிக்கிழமை கூட ரீடிங்கா? உக்காருங்க. அண்ணே, நீங்களும் உக்காருங்க. மூணு டீ போடுப்பா.”

அவன் பின்னால் நாலு பேர் நின்றார்கள். உட்கார்ந்தார்கள். சிரிப்பு குரலை உயர்த்தவே இல்லை. எந்தெந்த வீட்டில் என்னென்ன பேசினார்கள் என்பது அவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. குடும்பத்தை விசாரித்தான், நாத்தனாரின் தையலை விசாரித்தான், குளிர்பெட்டி நன்றாக ஓடுகிறது என்றான். இரண்டாவது டீ வந்தது. ஆறு மணி ஆகி, ஆறேகால் ஆகி, தெருவிளக்கு எரிந்தது. எழுந்தால் தோளைத் தொட்டு உட்காரவைத்தார்கள்.

“மீதி நோட்டு வேணுமே அக்கா. சில வீட்டுக்கு ‘சு’ போட்டிருக்கீங்களே, அது என்னது?”

“சும்மா.”

“சும்மான்னா?”

“எந்தப் பக்கமும் இல்லாதவங்க.”

“அப்படி யாரும் கிடையாது அக்கா,” என்றான், சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போல. “சொல்லாம இருக்கறாங்க, அவ்வளவுதான். நீங்க கேட்டுப் பாருங்க. இல்ல நாங்க கேக்கறோம்.”

நோட்டு வீட்டில் இருக்கிறது என்றாள். அவள் அவனிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான், அதுவும் பொய். நோட்டு அவள் மடியில் இருந்த பைக்குள் இருந்தது. திங்கட்கிழமை கொடுத்தால் போதும் என்று சிரித்தான். விட்டபோது மணி ஏழு.

முப்பதாம் நம்பரில் பூட்டுத் தொங்கியது. வேலைக்குப் போய்விட்டார். ரொட்டி ஃபாக்டரி கேட்டில், வேலை நேரத்தில் ஆளைக் கூப்பிட முடியாது என்று வாட்ச்மேன் கையை விரித்தார். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். கொடுக்கிறேன் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதை நம்பித் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்து நோட்டை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, மை கரைந்து தாள் கூழாகும்வரை பிசைந்தாள். நாத்தனார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நம்பர் அம்மா, மகளின் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். உறைகளை வாங்கிக்கொள்ளவில்லையாம்.

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முப்பது பேர் வந்தார்கள். பாதி வீட்டில் பூட்டு. டாக்டரம்மா கிளினிக்கில் இருபத்தைந்து பேர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வாசலிலிருந்த பூந்தொட்டிகளை உடைத்துவிட்டு நகர்ந்தார்கள். தச்சர் வீட்டில் மூன்று குடும்பம். பதினேழில் பெரியவர் இல்லை. வந்ததற்கு ஏதாவது நடக்க வேண்டுமே. முப்பதாம் நம்பரில் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினார்கள்.

வாட்ச்மேன் சீட்டை ஷிஃப்ட் முடிந்து வேறு சட்டை மாற்றியபோது பழைய சட்டையோடு விட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அடுப்புக்காரர் சுவர் ஓரக் கட்டிலில் இருந்தார். இரண்டு முன்னங்கைகளிலும் மாவுக்கட்டு. உதட்டில் தையல். பன்னிரண்டு மணி நேரம் அடுப்பில் நின்றவரை முதல் தூக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். மெக்கானிக் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் மட்டும் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, எல்லா வாசலிலும் சொன்னதை இங்கேயும் சொன்னாள். எழுதியது நான். கொடுத்தது அவர். நேற்று மத்தியானம் உங்கள் வாசலுக்கு வந்தோம்.

அவர் ரொம்ப நேரம் அவளைப் பார்த்தார். முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்ப்பவர் போல.

“வந்தீங்களா?”

“வந்தேங்க. மூணு மணிக்கு.”

“தட்டலியே.”

“தூங்கிட்டிருப்பீங்கன்னு...”

அவர் சிரிக்கப் பார்த்தார். தையல் இழுத்தது. “ஒரு நாள் எழுப்பியிருக்கலாம்,” என்றார்.

*

அடுத்த மாத ரீடிங் தேர்தலுக்கு நாலு நாள் முன்னால் விழுந்தது. திங்கட்கிழமை நோட்டு போகவில்லை; அந்த வாரமே பட்டறையிலிருந்து புருஷனை நிறுத்திவிட்டார்கள். வீட்டிலேயே பழைய மின்விசிறிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மூன்று பேரும் மறுபடி ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். பேச்சு மட்டும் இல்லை. போனில் புது லிஸ்ட் ஒன்று சுற்றியது. நாற்பத்திரண்டு வீடு. நாற்பத்திரண்டாவது யாருடையது என்று அவள் பார்த்தாள். பக்கத்தில் ஒரு வரி: மனைவி காலை ஏழுக்குக் கிளம்புவாள். யார் எழுதியதோ, சுருக்கமாகத்தான் எழுதியிருந்தார்கள். அன்றைக்கும் ஏழுக்குத்தான் கிளம்பினாள்.

முதல் கேட் திறக்கவில்லை. இரண்டாவதும் திறக்கவில்லை. ‘எ’ வீடுகள் திறக்காது என்று எதிர்பார்த்திருந்தாள். ‘இ’ வீடுகளும் திறக்கவில்லை. தங்களையும் எழுதியிருக்கிறாள் என்று இப்போது ஊருக்கே தெரியும். லாரிக்காரர் மனைவி மாடியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். மீட்டர் வெளியே இருக்கிற வீடுகளில் கேட்டுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தாள். மற்ற வாசல்களில் நின்று, “வாட்டர் மீட்டர்” என்று குரல் கொடுத்தாள். எந்த எழுத்தும் நினைவில் வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வந்தது.

பத்து மணி வாக்கில் ஒரு வீட்டில், கதவுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத் துண்டு வெளியே நகர்ந்து வந்தது. ஐந்து இலக்க எண். பேனாவில், அழுத்தி எழுதியது. சரியா தப்பா என்று பார்க்க அவளுக்கு வழியில்லை. கருவியில் ஏற்றினாள். அடுத்த வீட்டிலும் ஒரு துண்டு வந்தது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போன் போயிருக்க வேண்டும். கதவுகள் மூடியே இருந்தன, காகிதங்கள் மட்டும் வந்தன. பால் கவரின் ஓரம், காலண்டர் தாள், மருந்துச் சீட்டு. அவள் குனிந்து குனிந்து பொறுக்கினாள். எழுதியதை அப்படியே நம்பி ஏற்றினாள். நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய.

கடைசித் தெருவில் ஒரு வீட்டிலிருந்து வந்த எண்ணைக் கருவி ஏற்க மறுத்தது. போன மாதத்தைவிடக் குறைவு. தண்ணீர் மீட்டர் பின்னால் ஓடாது. வேண்டுமென்றே எழுதியதா, கை நடுங்கியதா, கண்ணாடி போடாமல் பார்த்ததா. பூட்டிய வீடு என்று போட்டுவிட்டுப் போய்விடலாம். வாரியம் ஒன்றும் சொல்லாது. அவள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினாள்.

உள்ளே அசைவு நின்றது.

“நம்பர் தப்பா இருக்குங்க,” என்றாள் கதவிடம். “போன மாசத்தவிட கம்மியா வருது. இன்னொரு தடவ பாத்து எழுதிக் குடுங்க. நான் இங்கேயே நிக்கறேன்.”

அவள் நின்றாள். வெயில் பிடரியில் இறங்கியது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்து, அவளைப் பார்த்து, போயிற்று. உள்ளே எங்கேயோ ஒரு பாத்திரம் நகர்த்தப்பட்டது. தொட்டிக்கு அடியில் யாரோ குனிகிற சத்தம். அப்புறம் காலடி. தாழ்ப்பாள் ஒன்று, இரண்டு. கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.

முகம் தெரியவில்லை. இடுக்கு வழியாக ஒரு கை மட்டும் வந்தது. வளையல் இல்லாத, ஈரமான, வயசான கை. அதில் ஒரு செல்போன்; திரையில் மீட்டரின் படம். படம் ஆடியது. மீட்டர் அக்கா அந்த மணிக்கட்டைத் தொடாமல், தன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஐந்து எண்ணையும் சத்தமாகப் படித்தாள்.

“சரிதானே?” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

“சரிங்க.”

கை உள்ளே போயிற்று. கதவு சாத்திக்கொண்டது. ஒரு தாழ்ப்பாள். இரண்டாவது தாழ்ப்பாள். அதன் பிறகு ஒரு கனமான சாமானை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற ஓசை, நிதானமாக, மூச்சு வாங்கி வாங்கி. அது நிற்கும்வரை கேட்டிருந்துவிட்டு, அவள் அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.